அம்மா வெளியே சென்றார்

அரவிந்தன்: நாலு மணி நேரமாவா கோலம் போட்டே?

பிரகதாம்பாள்: பெரிய வாசல்டா. நீதானே கட்டினே.

அரவிந்தன்: அம்மா, நான் விளையாடல. இங்க என் ஃபோன்ல வந்து நிக்குது. நேத்து விடியக்காலை "அம்மா வெளியே சென்றார்". அப்புறம் ஒன்பது மணிக்கு மேல "அம்மா உள்ளே வந்தார்".

பிரகதாம்பாள்: வந்தாரா... பரவாயில்லையே. பெத்த பிள்ளை வா, போங்குது. கதவு வந்தார், போனார்ங்குது.

அரவிந்தன்: எங்க போனே?

பிரகதாம்பாள்: கோயிலுக்கு.

அரவிந்தன்: எந்தக் கோயிலுக்கு?

பிரகதாம்பாள்: ஊர்ல இருக்கிற கோயிலுக்குத்தான். நீ அபுதாபி போனப்புறம் புதுசா எதுவும் கட்டலை.

அரவிந்தன்: முந்தாநாள்?

பிரகதாம்பாள்: அன்னிக்கும்தான்.

அரவிந்தன்: போன வாரம் பூரா? ஏம்மா, முட்டி வலிக்குது, படி இறங்க முடியலைன்னு வாசல்ல சரிவா சிமெண்டு போடச் சொன்னவ நீ. திருக்காட்டுப்பள்ளி டாக்டர்கிட்ட போகவே கார் பிடிக்கணும்னவ நீ. தினம் விடிய முன்னாடி எழுந்து கோயிலுக்கு நடக்கிறியா?

பிரகதாம்பாள்: வேண்டுதல். நடந்தே வரேன்னு வேண்டிக்கிட்டேன்.

அரவிந்தன்: என்னன்னு?

பிரகதாம்பாள்: முட்டி வலி போகணும்னு.

அரவிந்தன்: ...ஃபோனைக் கொஞ்சம் கீழ இறக்கு. நெத்தி மட்டும்தான் தெரியுது. குந்தவை எங்க?

பிரகதாம்பாள்: உன் பொண்டாட்டியா? அடுப்படியில.

குந்தவை: அத்தை, ரெங்கம்மாக்கா ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாங்க. நேரமாச்சு...

அரவிந்தன்: அவ குரல்தானே அது? எதுக்கு நேரமாச்சு?

பிரகதாம்பாள்: உலை வைக்கிறதுக்கு.

அரவிந்தன்: ரெங்கம்மா வந்து நம்ம வீட்டு உலைக்கு ஏன் ஆள் விடணும்?

பிரகதாம்பாள்: நல்ல மனசு.

அரவிந்தன்: அம்மா, ஒண்ணு சொல்லு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு ஒரு கார்டு குடுத்தேனே, தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட... அது எங்க?

பிரகதாம்பாள்: சாமி மாடத்துல இருக்கு. மஞ்சள் தடவி, பொட்டு வச்சு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூ போடுறேன்.

அரவிந்தன்: அதுக்குப் பொட்டா...

பிரகதாம்பாள்: நீதானடா சொன்னே. இந்த வீட்டுக்குச் சாவி கிடையாதும்மா, இதுதான் சாவி மாதிரி, சாவி பெரியவங்க கையில இருக்கணும்னு. விழுந்து கும்பிட்டுக் குடுத்தே. ஃபோட்டோ கூட இருக்கு.

அரவிந்தன்: ஒரு சம்பிரதாயத்துக்குக் குடுத்தேன். சரி, அங்கயே இருக்கட்டும். யார்கிட்டயும் குடுக்காதே.

பிரகதாம்பாள்: சாமிகிட்டத்தான் இருக்கு. வச்சிடட்டுமா ஃபோனை?

அரவிந்தன்: இரு. ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாரு. ரெத்தினம் மாமா இப்பதான் எனக்கு அனுப்பினாரு.

பிரகதாம்பாள்: கண்ணாடி எங்க வச்சேனோ...

அரவிந்தன்: கண்ணாடி மூக்குலதான் இருக்கு. பாரு.

பிரகதாம்பாள்: வயலு. தண்ணி நிக்குது. நல்லாத்தான் பரம்படிச்சிருக்காங்க.

அரவிந்தன்: வரப்புல நிக்கிறது யாரு?

பிரகதாம்பாள்: யாரோ பொம்பளை.

அரவிந்தன்: யாரோ பொம்பளையா? புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கையில மம்பட்டியோட. உன் மருமகம்மா அது. நம்ம மடையில தண்ணி திருப்பிக்கிட்டு நிக்கிறா. இன்னிக்குக் காலையில எடுத்தது.

பிரகதாம்பாள்: அந்த ரெத்தினத்துக்குப் பொழுது விடிஞ்சா வேற வேலை கிடையாதா? பொம்பளைங்களைப் படம் பிடிச்சு அனுப்புறான்.

அரவிந்தன்: அதை விடு. மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடியே அவ பேரை மிஷின்லேர்ந்து எடுத்துட்டேன். அவ விரல் வச்சா வாசக்கதவும் திறக்காது, கொல்லைக் கதவும் திறக்காது. உள்ளேர்ந்தும் திறக்காது, வெளியிலேர்ந்தும் திறக்காது. அப்புறம் அவ எப்படி வயல்ல நிக்கிறா?

பிரகதாம்பாள்: நான்தான் திறந்துவிட்டேன்.

அரவிந்தன்: நீயா?

பிரகதாம்பாள்: என் விரலை வச்சேன், கதவு திறந்துச்சு, அவ போனா. திரும்பி வந்தா, மறுபடி வச்சேன். வீட்டுக்குள்ள மாடு அடைக்கிற மாதிரி ஒரு பொண்ணை அடைக்க என்னால முடியாது. அதான், தெரிஞ்சுபோச்சில்ல, போயி சாப்பிடு.

அரவிந்தன்: வெளிய நின்னா அவ. உள்ள இருந்தே நீ. நீ உள்ளேர்ந்து விரல் வச்சா "வெளியே சென்றார்"னு வரும். "உள்ளே வந்தார்"னு வரணும்னா வெளிப்பக்கம் வச்சிருக்கணும்.

பிரகதாம்பாள்: அது என்ன கண்டுச்சோ...

அரவிந்தன்: நான் இந்த மிஷின் மாட்டித்தாம்மா சம்பளம் வாங்குறேன். அது தப்பா காட்டாது. இன்னொண்ணு சொல்றேன் கேளு. நேத்து ஒன்பது மணிக்கு மேல நீ என்கூட வீடியோல பேசிக்கிட்டு இருந்தே. ஊஞ்சல்ல உக்காந்துக்கிட்டு, மாத்திரையை ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டினே. அதே நேரத்துலதான் வாசல்ல "அம்மா உள்ளே வந்தார்"னு பதிவாயிருக்கு. ஒரு அம்மா ஊஞ்சல்ல. இன்னொரு அம்மா வாசல்ல. எனக்கு எத்தனை அம்மா?

பிரகதாம்பாள்: ஊஞ்சலை வாசல் பக்கமா...

குந்தவை: போதும் அத்தை. எனக்காக நீங்க எவ்வளவு நேரம் பொய் சொல்லுவீங்க? ஃபோனைக் குடுங்க.

பிரகதாம்பாள்: நீ தாம்பாளத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நான் பேசிக்கிறேன்.

குந்தவை: குடுங்க. ...நான்தாங்க. அம்மா பேர்ல போயிட்டு வரது நான்தான். அவங்க பேர்ல என் இடது கைக் கட்டை விரல் இருக்கு.

அரவிந்தன்: யாரு ஏத்தினது?

குந்தவை: நான்தான். மிஷின் வந்த டப்பாவுல ஒரு புத்தகம் இருந்துச்சு. கார்டைக் காட்டினா புது விரல் ஏத்தலாம்னு போட்டிருந்துச்சு. சாமி மாடத்துலேர்ந்து எடுத்தேன், காட்டினேன், ஏத்தினேன், திரும்ப வச்சுட்டேன்.

பிரகதாம்பாள்: பொட்டு கலையாம.

அரவிந்தன்: சாவின்னு கும்பிட்டுக் குடுத்ததை... ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க.

குந்தவை: நீங்க என் பேரை எடுத்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா?

அரவிந்தன்: என்ன நடந்துச்சு, கதவு திறக்கலை. அம்மா திறந்திருப்பாங்க.

குந்தவை: வெளிய போயி தயிர் வாங்கிட்டு, வாளியோட வாசல்ல வந்து நின்னேன். விரல் வச்சேன். சிவப்பு லைட்டு. வெங்காயம் நறுக்கின கையாச்சேன்னு கொல்லைக் குழாய்ல போயி சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து வச்சேன். மறுபடி சிவப்பு. முந்தானையில துடைச்சு துடைச்சு வச்சேன். என் விரல்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். உங்க மேல சந்தேகமே வரலை. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு... அன்னிக்கு ராத்திரி அதைத்தான் நினைச்சுக்கிட்டு படுத்திருந்தேன். கதவு திறக்கலைன்னா நான் ஏன் முதல்ல என் கையைச் சந்தேகப்படுறேன்னு.

அரவிந்தன்: வேற என்ன பண்றது? சொன்னா கேட்டியா நீ? நிலத்தை ரெத்தினம் மாமாவுக்குக் குத்தகைக்கு விடுன்னேன். நானே நடுவேன்னு நின்னே. நான் மாசாமாசம் அனுப்புறது பத்தலையா? எதுக்கு நீ சேத்துல இறங்கணும்? அவன் பொண்டாட்டியைச் சேத்துல இறக்கிட்டு அவன் அங்க ஏசியில உக்காந்திருக்கான்னு ஊர்ல பேச மாட்டாங்க?

குந்தவை: பேசுறாங்க. வேற மாதிரி பேசுறாங்க. இந்தப் பக்கம் இந்தத் தண்ணியில நம்ம நாத்துதான் நல்லா வந்திருக்குன்னு.

அரவிந்தன்: குந்தவை...

குந்தவை: நேத்து நாத்துப் பறிச்சாச்சு. கட்டுக்கட்டா முடி கட்டி வயல்ல விரிச்சுக் கிடக்கு. ரெங்கம்மாக்கா நடவு செட்டோட வந்து வரப்புல உக்காந்திருக்காங்க. முதல் முடி வீட்டுக்காரங்க கையால வச்சாத்தான் அவங்க இறங்குவாங்க, அது உங்களுக்கே தெரியும். சாமி கும்பிடத் தாம்பாளம் எடுத்துக்கிட்டுப் போகத்தான் வீட்டுக்கு வந்தேன். இன்னிக்கு விட்டா அவங்க நாளைக்கு பூதலூர் பக்கம் போயிடுவாங்க. பறிச்ச நாத்து வாடிப்போகும். அப்புறம் அதைச் சாக்கா வச்சு நிலத்தை நீங்க ரெத்தினம் மாமாகிட்ட குடுத்துடுவீங்க. அதனால நான் இப்ப போகணும்.

அரவிந்தன்: நான் உன்னைக் கட்டிப்போட்டு வச்சிருக்கேனா? பாதுகாப்புக்குத்தானே மாட்டினேன். ஆம்பளை இல்லாத வீடு.

பிரகதாம்பாள்: ஃபோனை இந்தப் பக்கம் திருப்பு. ஏன்டா, திருடன் உள்ள வராம இருக்க வெளிப்பக்கம் ஒரு மிஷின் வச்சே, சரி. உள்பக்கம் எதுக்குடா ஒண்ணு? நாங்க எதைத் திருடிக்கிட்டுப் போறோம்?

அரவிந்தன்: ஆபீஸ்ல எல்லாம் ரெண்டு பக்கமும்தாம்மா இருக்கும்.

பிரகதாம்பாள்: கரண்டு போனாலாவது திறக்கும்னு பார்த்தா அதுக்கு இன்வெர்ட்டர் வேற.

அரவிந்தன்: நான் மட்டும் எப்படி இருக்கேன்னு நினைக்கிறீங்க? இங்க கேம்ப் கேட்ல விரல். பஸ்ல ஏற விரல். சைட்ல விரல். மெஸ்ஸுல சோத்துத் தட்டை எடுக்கணும்னா விரல். சிமெண்டு தூசி படிஞ்ச கை எடுக்காது. எடுக்கலைன்னா பின்னாடி நிக்கிறவன் திட்டுவான். நான் அழுதுக்கிட்டா இருக்கேன்?

குந்தவை: அழுதிருக்கலாம்.

அரவிந்தன்: என்ன?

குந்தவை: அழுதிருந்தீங்கன்னா, அதையே விலை குடுத்து வாங்கிட்டு வந்து நம்ம வீட்டுல மாட்டியிருக்க மாட்டீங்க.

பிரகதாம்பாள்: தம்பி, சாப்பிட்டியாடா?

அரவிந்தன்: பேச்சை மாத்தாதேம்மா.

பிரகதாம்பாள்: மாத்தலை. மெஸ்ஸுல விரல் எடுக்கலைன்னா சோறு போட மாட்டாங்களா? நீ இதுவரைக்கும் சொல்லவே இல்லையேடா.

அரவிந்தன்: போடுவாங்க, போடுவாங்க. பேரை எழுதிட்டுப் போடுவாங்க. ...சரி. இத பாருங்க ரெண்டு பேரும். எனக்குக் கோபமெல்லாம் இல்ல. ஆனா ஒரு வீடுன்னா ஒரு முறை இருக்கணும். அம்மா பேர்ல இன்னொருத்தர் போயிட்டு வரது சரியில்ல. அழிக்கிறேன்.

குந்தவை: எதை?

அரவிந்தன்: அம்மா பேரை. அதுல இருக்கிறது அம்மா விரலா உன் விரலான்னு தனித்தனியா பிரிக்க முடியாது. பேரோட போயிடும். கார்டையும் நிறுத்திடுறேன். இனிமே அது வெறும் அட்டை, பூ போட மட்டும்தான் ஆகும்.

பிரகதாம்பாள்: அப்ப நான்?

அரவிந்தன்: தஞ்சாவூர்ல நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். சாயங்காலம் அனுப்புறேன். உன் விரலை மட்டும் புதுசா ஏத்திட்டுப் போவான். அதுவரைக்கும் ரெண்டு பேரும் உள்ள இருங்க.

பிரகதாம்பாள்: நானுமாடா?

அரவிந்தன்: ஒரு பகல்தானேம்மா. உனக்குத்தான் முட்டி வலியாச்சே, எங்க போகப்போறே?

குந்தவை: நடவு இன்னிக்கு. ஆள் சாயங்காலம் வருவாரு. கணக்கு போட்டுத்தான் சொல்றீங்க.

அரவிந்தன்: ஆமா. கணக்கு போட்டுத்தான் சொல்றேன். நாத்து போனா போகட்டும். நஷ்டத்தை நான் குடுத்துடுறேன். மாமாகிட்ட இன்னிக்கே பேசி முடிச்சுடுறேன்.

பிரகதாம்பாள்: நிலம் என் பேர்ல இருக்குடா.

அரவிந்தன்: இருக்கட்டும். உன்னைக் கேட்டுத்தான் பண்ணுவேன். ...இதோ. அழிச்சாச்சு. கார்டும் போச்சு. வேணும்னா வச்சுப் பாருங்க.

பிரகதாம்பாள்: என்னைப் பிடி குந்தவை. கதவுகிட்ட கூட்டிட்டுப் போ. ...எந்த விரலுடி?

குந்தவை: ஆள்காட்டி விரல். நல்லா அழுத்துங்க.

பிரகதாம்பாள்: சிவப்பு.

அரவிந்தன்: நான்தான் சொன்னேனே.

பிரகதாம்பாள்: இரு, நான் பாத்துக்கிறேன். ...சிவப்புதான். நீ சொன்னியே குந்தவை, அது இப்பதான் புரியுது. எனக்கும் முதல்ல கையைத் துடைச்சுக்கத்தான் தோணுது.

அரவிந்தன்: அம்மா, அப்படிப் பாக்காதே. உன் நல்லதுக்குத்தான்.

பிரகதாம்பாள்: உங்கப்பாவுக்கு எவ்வளவு கோபம் வரும், உனக்குத் தெரியும். சட்டியை எடுத்து எறிவாரு. ஆனா ஒரு நாளும் வாசக்கதவைச் சாத்தினதில்ல. கோபம் வந்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அவர்தான் வெளிய போவாரு. நீ எங்கேர்ந்து இதைக் கத்துக்கிட்டே?

அரவிந்தன்: அப்பா பேச்சை இப்ப எடுக்காதே.

பிரகதாம்பாள்: எடுக்கலை.

அரவிந்தன்: சாயங்காலம் ஆள் வந்ததும் எனக்கு ஃபோன் பண்ணுங்க. வச்சிடட்டுமா?

பிரகதாம்பாள்: கொஞ்சம் இரு. குந்தவை, தாம்பாளத்துல எல்லாம் இருக்கா பாரு.

குந்தவை: வெத்தலை, பாக்கு, பழம், மஞ்சள். சூடம் வைக்கலையே அத்தை.

பிரகதாம்பாள்: ஊஞ்சப் பலகையில வச்சேன். தீப்பெட்டியையும் எடுத்துக்க. போன தடவை தீப்பெட்டியை விட்டுட்டுப் போயி ரெங்கம்மா கேலி பண்ணினா.

அரவிந்தன்: என்ன பேசிக்கிறீங்க? நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?

பிரகதாம்பாள்: விழுந்துச்சு.

அரவிந்தன்: இன்னிக்கு நடவு கிடையாதுன்னேன்.

குந்தவை: எந்த மூலையில வைக்கட்டும் அத்தை?

பிரகதாம்பாள்: வடகிழக்கே, சனி மூலையில. கிழக்கே பாத்து நில்லு. நாத்தை ஆழமா அழுத்தாதே. நான் வந்து நிக்கணும்னுதான் ஆசை... இந்த முட்டி.

குந்தவை: நம்ம காளியோட மாட்டுவண்டி வரப்பு வரைக்கும் வரும். திருப்பி அனுப்புறேன். ஏறி வந்துடுங்க. கடைசி முடி நீங்க வைங்க.

பிரகதாம்பாள்: அனுப்பு. வரேன்.

அரவிந்தன்: அம்மா, என்ன இது? ரெண்டு பேரும் எங்க வரீங்க, எங்க போறீங்க? கதவு திறக்காதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்...

குந்தவை: ஏங்க.

அரவிந்தன்: என்ன?

குந்தவை: சாப்பிடுங்க. வயித்தைக் காயப் போடாதீங்க. போயிட்டு வரேன் அத்தை.

பிரகதாம்பாள்: பத்திரமா போயிட்டு வா.

அரவிந்தன்: ...அம்மா. அது என்ன சத்தம்?

பிரகதாம்பாள்: எது?

அரவிந்தன்: டக்குன்னு ஒரு சத்தம். பூட்டுல காந்தம் விடுற சத்தம் அது. தூக்கத்துல கேட்டாலும் எனக்குத் தெரியும். கதவு திறந்துச்சா?

பிரகதாம்பாள்: காத்து வருது. நல்ல காத்து.

அரவிந்தன்: எப்படித் திறந்துச்சு? உன் பேரு இல்ல. அவ பேரு இல்ல. கார்டு இல்ல. அந்த மிஷின்ல இப்ப ஒரே ஒரு பேருதான்... இரு. ஃபோன்ல ஏதோ வருது.

பிரகதாம்பாள்: என்ன வருது? படி, கேப்போம்.

அரவிந்தன்: "அரவிந்தன் வெளியே சென்றார்"ங்குது. அம்மா... நான் இங்கதானே இருக்கேன்.

பிரகதாம்பாள்: நீ அங்கதான்டா இருக்கே, மிஷின் தப்பா காட்டாது. என் பேர்ல அவ விரலை ஏத்தின அன்னிக்கே உன் பேர்லயும் ஏத்தச் சொன்னேன், அவளுது வேற ஒரு விரல், என்னுது வேற ஒரு விரல். அவ வேண்டாம் வேண்டாம்னா, நான்தான் கேக்கலை. நீ யார் பேரை அழிப்பே, யார் பேரை அழிக்க மாட்டேன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? இனிமே எங்களை எடுக்கணும்னா உன் பேரைத்தான் எடுக்கணும். எடுத்துக்கோ. லீவுல வரப்ப வாசல்ல நின்னு கூப்பிடு... வயல்ல வேலை இல்லைன்னா வந்து திறந்துவிடுறோம்.